கடற்கரை இல்லாத மாகாணமும் கடற்காவலும்

சப்ரகமுவ மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. இரத்தினபுரி, கேகாலை இரண்டு மாவட்டங்களிலும் மலையும் பள்ளத்தாக்கும் ஆறும்தான். ஆனாலும் கடலை விட்டுவிட்டு நமது தோட்டங்களின் கதையை எழுத முடியாது. நம் முன்னோர் தூத்துக்குடியிலிருந்தும் இராமேஸ்வரம் கரையிலிருந்தும் கடல் தாண்டி வந்தவர்கள். அவர்கள் பறித்த கொழுந்து தேயிலைத் தூளாகவும், வெட்டிய ரப்பர் பால் ஷீற்றாகவும் களனிவெளி ரயிலேறிக் கொழும்புத் துறைமுகத்துக்குப் போயின. அந்த ரயில் பாதை 1912இல் இரத்தினபுரியைத் தொட்டது. இன்று ரயிலுக்குப் பதில் லொறி. துறைமுகம் மட்டும் அதேதான். ஆகவே கடலைக் காக்கக் கரையோர நாடுகள் கூடி அமைத்த ஓர் அமைப்பின் வரலாறு ஒரு தோட்டத்து விழா மலரில் இடம்பெறுவது பொருத்தமானதே.

இந்த வரலாற்றை எங்கே தொடங்குவது என்று யோசித்தால், இரத்தினபுரியில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. 1916இல் அங்கே பிறந்த சிறிமாவோ பண்டாரநாயக்க, பிரதமராக 1971இல் ஐ.நா. பொதுச் சபையில் ஒரு கோரிக்கை வைத்தார். இந்து சமுத்திரம் சமாதான வலயமாக வேண்டும், வல்லரசுகள் தங்கள் தளங்களையும் போட்டியையும் இங்கே கொண்டுவரக் கூடாது என்பது அதன் சாரம். அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் திகதி 2832ஆம் இலக்கத் தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு 61, எதிர்ப்பு எதுவுமில்லை. 55 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. பெரிய கடற்படை வைத்திருந்த நாடுகள் ஒதுங்கியவர்களின் வரிசையில் இருந்தன. தீர்மானம் ஏட்டில் நிற்க, கப்பல்கள் வந்தபடியே இருந்தன. ஆனாலும் இந்தச் சமுத்திரத்தின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் உரிமை அதன் கரையில் வாழும் நாடுகளுக்கு உண்டு என்ற எண்ணம் அன்றே வேரூன்றியது.

அதே தலைவர்தான் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி லால் பகதூர் சாஸ்திரியுடன் ஒப்பந்தம் செய்தார். நம்மவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று அதில் எழுதப்பட்டது. அனுப்பப்பட்டவர்கள் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இறக்குவானையிலும் அப்படிப் பிரிந்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கடலுக்குச் சமாதானம் கேட்ட மனசு, அந்தக் கடலைத் தாண்ட வைக்கப்பட்ட மக்களின் சம்மதத்தையும் கேட்டிருக்க வேண்டும். இந்த இரண்டு செய்தியையும் ஒரே பக்கத்தில் எழுதுவதுதான் நேர்மை என்று கருதுகிறேன்.

கடல் நம்மவர்களை விழுங்கியதும் உண்டு. 1864இல் ஆதிலட்சுமி என்ற கப்பல் மூழ்கி 120 தொழிலாளர் மாண்டதாக மலையக வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். தேடிப் போக வேண்டிய கடமை இன்னாருடையது என்று அந்தக் காலத்தில் எந்த ஏற்பாடும் இல்லை. இன்று உலகக் கடல் முழுவதும் தேடுதல், மீட்பு வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இலங்கையின் பொறுப்பில் உள்ள வலயம் நாட்டின் நிலப்பரப்பைப் போல ஏறத்தாழ 27 மடங்கு. அதற்கான மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் கொழும்பில் கடற்படைத் தலைமையகத்தில் இயங்குகிறது. 2022 நவம்பரில் பிலிப்பைன்ஸுக்கும் வியட்நாமுக்கும் நடுவே ஒரு படகு தத்தளித்தது. அதிலிருந்த 303 பேரும் இலங்கையர். உயிருக்குப் போராடியபடி அவர்களில் ஒருவர் இலங்கைக் கடற்படைக்குத் தகவல் கொடுத்தார். கொழும்பு நிலையம் அந்தப் பக்கத்து நாடுகளின் மீட்பு நிலையங்களுக்குச் சொன்னது. அருகே போய்க்கொண்டிருந்த ஜப்பானியக் கப்பலொன்று திரும்பிவந்து அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு வியட்நாமில் இறக்கியது. நாடுகளுக்கிடையே கடல் ஒத்துழைப்பு என்று கூட்டங்களில் பேசப்படுவது நடுக்கடலில் இப்படித்தான் நடக்கிறது: ஒரு தொலைபேசி அழைப்பு, அதை எடுக்க ஓர் ஆள், அடுத்த நாட்டில் யாரை அழைப்பது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது.

அந்தத் தெரிந்திருத்தலை நிரந்தரமாக்கும் முயற்சிகளில் ஒன்றுதான் கொழும்பு பாதுகாப்பு மாநாடு. இந்தியா, இலங்கை, மாலைதீவு மூன்றும் 2011இல் முத்தரப்புக் கடற்பாதுகாப்புப் பேச்சைத் தொடங்கின. 2013இல் கொழும்பிலும் 2014இல் புதுடில்லியிலும் கூடினார்கள். பிறகு இந்தியாவுக்கும் மாலைதீவுக்கும் உறவு கசந்தது. ஆறு வருடம் கூட்டமே இல்லை. கடல் அதுவரை காத்திருக்கவில்லை. 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, குவைத்திலிருந்து சுமார் 2,70,000 தொன் மசகு எண்ணெயுடன் போன நியூ டயமண்ட் கப்பல் கிழக்குக் கரைக்கு அப்பால் தீப்பிடித்தது. கப்பல் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் நாட்கணக்கில் நின்று தீயை அணைத்தன. அணைந்த தீ மறுபடி மூண்டது, மறுபடியும் அணைத்தார்கள். அந்த எண்ணெய் கடலில் கொட்டியிருந்தால் கிழக்கு மீனவர் ஒரு தலைமுறைக்கு வலை வீசியிருக்க முடியாது.

அதே வருடம் நவம்பரில் மூன்று நாடுகளும் கொழும்பில் மீண்டும் கூடின. பேச்சு ஓர் அமைப்பாக மாறி, கொழும்பின் பெயரைப் பெற்றது. செயலகம் 2021இல் கொழும்பில் நிறுவப்பட்டது. 2022இல் மொரிஷியஸ் சேர்ந்தது. கடற்பாதுகாப்பு, பயங்கரவாத ஒழிப்பு, ஆட்கடத்தலும் நாடு கடந்த குற்றங்களும், இணையப் பாதுகாப்பு, மனிதாபிமான உதவியும் அனர்த்த நிவாரணமும் என ஐந்து துறைகள் வகுக்கப்பட்டன. 2024 ஜூலையில் பங்களாதேஷ் ஐந்தாவது உறுப்பு நாடாகியது. ஓகஸ்ட் 30ஆம் திகதி கொழும்பில் சாசனம் கையெழுத்தானபோது, ஆட்சி கவிழ்ந்த குழப்பத்திலிருந்த அந்நாடு வரவில்லை. 2025 நவம்பர் 20ஆம் திகதி புதுடில்லிக் கூட்டத்தில் சீஷெல்ஸ் முழு உறுப்பு நாடாகியது. ஒரு தலைநகரில் ஆட்சி மாறினாலே ஆட்டம் காணும் அமைப்பு இது என்பதை மறைக்கத் தேவையில்லை. அதனால்தான் சாசனமும் செயலகமும் அவசியம். ஆட்கள் மாறினாலும் தொலைபேசியை எடுக்க ஒருவர் இருக்க வேண்டும்.

நமது பிழைப்புக்கும் இதற்கும் உள்ள தொடர்பு நேரானது. தாழ்நிலத் தேயிலையில் சப்ரகமுவவின் பங்கு பெரிது. அதை விரும்பி வாங்குவோர் ஈராக், துருக்கி, ரஷ்யா, லிபியா போன்ற நாட்டினர். 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, சுயஸ் வழியே போக வேண்டிய சரக்கு ஆபிரிக்காவைச் சுற்றிப் போயிற்று. கப்பல் கூலி ஏறியது, நாட்கள் கூடின. கடல் வழி அடைபட்டால் அதன் சுமை கொழும்பு ஏலம் வழியாகத் தோட்டத்துக்கு வந்து சேரத்தான் செய்யும்.

ஐந்து துறைகளில் நமக்கு மிக நெருக்கமானது கடைசித் துறை. 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்க சாமசர மலை சரிந்து கிராமங்கள் புதைந்தபோது, இந்தியக் கடற்படையின் சுனைனா, சட்லஜ் கப்பல்கள் நிவாரணத்துடன் கொழும்புக்கு வந்தன. அடுத்த வருடம் மே மாதம் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியபோதும் கப்பல்கள் வந்தன. 2025 நவம்பரில், புதுடில்லிக் கூட்டம் முடிந்து சில நாட்களிலேயே டித்வா புயல் நாட்டைப் புரட்டிப் போட்டது; கேகாலை மாவட்டத்திலும் மண் சரிந்து உயிர்கள் போயின. இலங்கைக் கடற்படையின் 75ஆவது ஆண்டு விழாவுக்காகக் கொழும்பில் நின்ற விக்ராந்த் உள்ளிட்ட இந்தியக் கப்பல்கள் உடனே உதவிப் பொருட்களை இறக்கின. விழாவுக்கு வந்திருந்த பாகிஸ்தான் கப்பலும் உதவியது. மனசுக்கு நிறைவான செய்தி.

ஆனால் கொழும்பு இறங்குதுறையில் வைத்த பொதி லயத்துக்கு வந்து சேர்வது வேறு பயணம். லயம் நிற்பது தோட்ட நிர்வாகத்தின் நிலத்தில். நிவாரணம் வருவது கிராம சேவகர், பிரதேச செயலகம் வழியாக. இரண்டுக்கும் இடையில் தாமதமாகும் நாட்களில் பிள்ளைகள் ஈரச் சீலையோடு பாடசாலைக் கட்டடத்தில் கிடக்கிறார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. அது மேட்டு லயத்துக்குத் தமிழில், நேரத்தோடு வர வேண்டும். ஆறு நாடுகள் கூடி அனர்த்த ஒத்திகை நடத்தும்போது, கப்பலில் தொடங்கித் துறைமுகத்தோடு முடிக்காமல், ஒரு முறையாவது தெரணியகலையிலோ காவத்தையிலோ உள்ள ஒரு தோட்டப் பிரிவு வரை அதை நடத்திப் பார்க்கட்டும். அந்த ஒத்திகையில் தோட்டத் தலைவர்மாருக்கும் தாய்மாருக்கும் இடம் இருக்கட்டும். மாவட்ட அனர்த்த முகாமைத்துவக் குழுக்களில் இந்தக் கோரிக்கையை எழுத்தில் வைக்கும் வேலையை நமது தோட்டத்து இளைஞர்கள் இந்த ஆண்டே தொடங்கலாம்.