ஒரு மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர், நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம்

பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். 32 வருடம் அறிவியல் டீச்சராக வேலை பார்த்த நான், ஒரு சோதனைக்கு வருடாவருடம் தப்பான விளக்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். சேலையூரில் எங்கள் தெருவில் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் ஏறுகிறது என்று போனில் செய்தி வந்தது, பிறகு போனும் செத்துவிட்டது. ஆறாம் வகுப்பு படிக்கும் பேத்தி என்னோடு இருந்தாள். பயத்தை மறக்க வைக்க வேண்டுமே என்று, மேஜையில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியை வைத்து அந்தப் பழைய சோதனையைச் செய்து காட்டினேன்.

உங்களில் பலர் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். தட்டில் அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்க வேண்டும். சுடர் சிறுத்து அணையும். தட்டிலிருக்கும் தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன். அது தீர்ந்துபோச்சு. அந்த இடத்தைத் தண்ணி பிடிச்சுக்கிச்சு" என்று வழக்கம்போல முடித்தேன்.

பேத்தி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாட்டி, எரியும்போது தண்ணி சும்மாதானே இருந்துச்சு? அணைஞ்ச அப்புறம்தானே விறுவிறுன்னு ஏறுச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே கேள்வியை நான் முன்பே கேட்டிருக்கிறேன். 1994-இல், தாம்பரத்தை ஒட்டிய ஒரு பள்ளியில், ஏழாம் வகுப்பில், பெருங்களத்தூரிலிருந்து எலெக்ட்ரிக் டிரெயினில் வரும் ஒரு பெண் கேட்டாள். "மிஸ், ஆக்ஸிஜன் எரியும்போதுதானே தீருது? அப்ப தண்ணியும் அப்பவே ஏறணும்ல?" அன்று நான் சொன்ன பதில்: "பரீட்சையில ஐந்தில் ஒரு பங்குன்னு எழுது, மார்க் வரும். உட்காரு." அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அவள் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கரண்ட் வந்த பிறகு உட்கார்ந்து படித்தேன். இந்தச் சோதனைக்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஃபிலோ என்ற கிரேக்கப் பொறியாளர் இதை எழுதி வைத்திருக்கிறார். சுடர் காற்றின் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது, அதனால் தண்ணீர் ஏறுகிறது என்பது அவர் முடிவு. ஆக்ஸிஜன் என்ற பெயரை மட்டும் சேர்த்துக்கொண்டு அதையேதான் நானும் சொல்லி வந்திருக்கிறேன். உலகத்தில் எத்தனையோ நாட்டுப் பாடப்புத்தகங்களும் அதையேதான் சொல்லி வந்திருக்கின்றன.

உண்மை வேறு. மெழுகு எரிந்தால் ஆக்ஸிஜன் மாயமாகிவிடுவதில்லை, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகிறது. 3 பங்கு ஆக்ஸிஜன் போனால் சுமார் 2 பங்கு கார்பன் டை ஆக்சைடு வந்து நிற்கும். அதுவும் எல்லா ஆக்ஸிஜனும் போவதில்லை. 21 சதவீதம் இருப்பது 16 சதவீதம் அளவுக்குக் குறைந்தாலே சுடர் அணைந்துவிடும். அப்படியானால் தண்ணீர் ஏன் ஏறுகிறது? டம்ளரைக் கவிழ்க்கும்போது உள்ளே அகப்படுவது சூடான, விரிந்த காற்று. சில சமயம் விளிம்பு வழியாகக் குமிழி வெளியேறுவதைக்கூடப் பார்க்கலாம். சுடர் அணைந்ததும் உள்ளே இருக்கும் காற்று ஆறிச் சுருங்குகிறது, நீராவியும் தண்ணீராகிவிடுகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தட்டுத் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. சூடான சாம்பாரை எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி வைத்தால், ஆறிய பிறகு மூடி திறக்க வராமல் மல்லுக்கட்டுகிறோமே, அதே சங்கதிதான். தினமும் டப்பாவோடு மல்லுக்கட்டிய எனக்கு வகுப்பில் அது தோன்றவில்லை.

சரிபார்க்க வழி உண்டு. ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்றை ஏற்றி, அதே டம்ளரைக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். டம்ளருக்குள் இருக்கும் ஆக்ஸிஜன் அதே அளவுதான், கூடியது சூடு மட்டும். பேத்தியும் நானும் செய்து பார்த்துவிட்டோம்.

அப்படியானால் ஐந்தில் ஒரு பங்கு என்பதே பொய்யா? இல்லை. 1770-களில் பிரான்சில் லவாய்சியர் பாதரசத்தை மூடிய காற்றில் 12 நாள் சூடாக்கினார். பாதரசம் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொண்டு சிவப்புப் பொடியானது. பொடி என்பதால் அது காற்றில் இடம் அடைக்காது. அதனால் அங்கே காற்று நிஜமாகவே குறைந்தது. நம் வீட்டில் பாதரசம் வேண்டாம், இரும்பு போதும். கேம்ப் ரோடு ஹார்டுவேர் கடையில் இரும்பு நார் வாங்கினேன் (பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் உதவாது, அது துருப்பிடிக்காது). வினிகரில் ஊறவைத்துப் பிழிந்து, டம்ளரின் அடியில் திணித்து, தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து ஒரு நாள் விட்டோம். நார் துருப்பிடித்தது. தண்ணீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு வந்து நின்றது. நெருப்பும் இல்லை, சூடும் இல்லை. வருடக்கணக்கில் நான் காட்டியிருக்க வேண்டிய சோதனை இதுதான்.

இப்படி வீட்டுச் சாமானை வைத்து அறிவியல் சொல்லிக்கொடுப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860 டிசம்பர் கடைசியில் தொடங்கி மைக்கேல் ஃபாரடே பிள்ளைகளுக்கு ஆறு சொற்பொழிவு ஆற்றினார். ஆறுக்கும் விஷயம் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. அவர் ஒரு கொல்லர் மகன், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் பள்ளி ஆய்வகங்கள் நொறுங்கிய பிறகு, கைக்குக் கிடைக்கும் பொருளை வைத்து எப்படிச் சோதனை செய்வது என்று ஆசிரியர்களுக்காக யுனெஸ்கோ 1948-இல் ஒரு கையேடு போட்டது. அதுவே வளர்ந்து 1956-இல் பெரிய புத்தகமாகி, பல மொழிகளுக்குப் போனது.

நம் நாட்டில் பெரிய முயற்சி 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனம், டெல்லிப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களிலிருந்து விஞ்ஞானிகள் கிராமத்துக்கு வந்து ஆசிரியர்களோடு உட்கார்ந்தார்கள். அவர்களது பாடப்புத்தகத்தில் சோதனையும் கேள்வியும் இருக்கும், விடை இருக்காது. பிள்ளைகள் செய்து பார்த்துத் தாங்களே எழுத வேண்டும். பரீட்சைக்கும் புத்தகத்தைக் கொண்டுபோகலாம். 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தும்வரை முப்பது வருடம் நடந்தது. 1978-இல் அங்கே போன அர்விந்த் குப்தாதான் சைக்கிள் வால்வ் டியூப்பையும் தீக்குச்சியையும் வைத்து வடிவியல் சொல்லிக்கொடுத்தவர். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

தமிழ்நாட்டில் 1980-இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிறந்தது. 1987-இல் பிள்ளைகளுக்கான 'துளிர்' இதழ் வந்தது. எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் அது கிடக்கும். அதிலிருந்த சோதனைகளை வகுப்பில் செய்தும் காட்டியிருக்கிறேன். மஞ்சள்தூளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் என்பதற்கு ஆரத்தித் தட்டையே உதாரணம் சொல்லிக் கைதட்டல் வாங்கியவள் நான்.

இப்போது யோசித்தால் குறை எங்கே என்று தெரிகிறது. சாமான் எளிமையாக இருந்தது, ஆனால் விடையை நான் முன்கூட்டியே கையில் வைத்திருந்தேன். ஹோஷங்காபாத்தில் புத்தகத்திலிருந்து விடையை எடுத்துவிட்டது சிக்கனத்துக்காக அல்ல. விடை தெரிந்துவிட்டால் கண் பார்ப்பதை நிறுத்திவிடும். தண்ணீர் எப்போது ஏறுகிறது என்பதை எத்தனை வருடம் நான் கண்ணால் கண்டிருப்பேன்! பார்க்கவில்லையே. விடை தெரியாத இரண்டு பிள்ளைகள்தான் பார்த்தார்கள்.

அதனால் பெற்றோருக்கும், தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். லீவு நாளில் பிள்ளைகளோடு சமையலறையில் ஏதாவது செய்யுங்கள். நெருப்பு இருந்தால் நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். செய்வதற்கு முன் "என்ன ஆகும்னு நினைக்கிறே?" என்று கேளுங்கள். செய்த பிறகு "எப்போ ஆச்சு, எவ்வளவு ஆச்சு?" என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாததைக் கேட்டுவிட்டால், "எனக்கும் தெரியல, செஞ்சு பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை வகுப்பில் சொல்ல எனக்கு 32 வருடத்தில் தைரியம் வரவில்லை.

பெருங்களத்தூரிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். அவள் பிள்ளைகளே கல்லூரிக்குப் போகலாம். யார் மூலமாவது இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், அம்மா, அன்று நீ கேட்டது சரியான கேள்வி. உன்னை உட்காரச் சொன்னது என் தப்பு.