முதல் ஒளிபரப்பில் தோற்ற தொடர்கள்

வாரம் ஒரு முறை, அரைமணி நேரம் என்ற அனிமே தொடரின் வடிவம் ஜப்பானில் 1963 ஜனவரி 1 அன்று தொடங்கியது. அன்றுதான் ஒசாமு தெசுகாவின் ‘டெட்சுவான் ஆட்டம்’ புஜி தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பானது. திரைப்படத்துக்கு வரைவதுபோல் வாரந்தோறும் வரைய ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே தெசுகாவின் முஷி புரொடக்‌ஷன் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தது. பாத்திரம் பேசும்போது வாய் மட்டும் அசையும், உடல் அப்படியே நிற்கும். ஒருமுறை வரைந்த காட்சிகளைப் பத்திரப்படுத்தி வேறு அத்தியாயங்களிலும் சேர்த்தார்கள். தொலைக்காட்சி தந்த தொகை செலவுக்குக் கட்டவில்லை. பாத்திரங்களின் உருவத்தைப் பொருள்களில் அச்சிடும் உரிமையிலிருந்து வந்த வருவாய்தான் கைகொடுத்தது. நிகழ்ச்சியை வழங்கிய மெய்ஜி நிறுவனத்தின் சாக்லேட்டோடு வந்த ஆட்டம் ஒட்டுப்படங்களுக்குப் பிள்ளைகளிடையே பெரும் வரவேற்பு இருந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு தொடரின் ஆயுளை இரண்டே விஷயங்கள் முடிவுசெய்தன: அந்த வேளையில் எத்தனை வீடுகள் அதைப் பார்த்தன, அதன் பெயரில் எவ்வளவு சரக்கு விற்றது. கதையின் தரம் மூன்றாவதாகத்தான் வந்தது.

1974ஆம் ஆண்டின் ஞாயிற்றுக்கிழமை இரவுகள் இதற்கு நல்ல சான்று. இரவு 7.30க்கு புஜி தொலைக்காட்சியில் ‘ஹைடி’ ஓடியது. இயக்கியவர் இசாவோ தகாஹாதா. காட்சி அமைப்புகளை வரைந்தவர் ஹயாவோ மியாசாகி. ஆல்ப்ஸ் மலையின் புல்வெளியையும் ஆட்டுமந்தையையும் சரியாகக் காட்டுவதற்காகப் படக்குழு முன்கூட்டியே சுவிட்சர்லாந்துக்குப் போய் வந்திருந்தது. பாட்டி முதல் பேத்தி வரை சேர்ந்து உட்கார்ந்து பார்க்கத்தக்க தொடர் அது. அதே ஆண்டு அக்டோபரில், அதே 7.30 மணிக்கு, வேறொரு அலைவரிசையில் ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’ தொடங்கியது. கதிர்வீச்சால் அழிந்துகொண்டிருக்கும் பூமியைக் காப்பாற்ற, 1945இல் கடலில் மூழ்கிய போர்க்கப்பலை விண்கலமாக்கி, 1,48,000 ஒளியாண்டு தொலைவுக்குப் போய்வரும் கதை. பதின்வயதினருக்கு ஏற்ற கனம் அதில் இருந்தது. ஆனால் பல வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றே. அண்ணனுக்குப் பிடித்தது தங்கைக்காகவும் பெரியவர்களுக்காகவும் விட்டுக்கொடுக்கப்பட்டது. 39 அத்தியாயங்களாகத் திட்டமிடப்பட்ட யமாட்டோ 26உடன் முடிக்கப்பட்டது.

அதைக் காப்பாற்றியது மறுஒளிபரப்பு. போட்டி இல்லாத வேளையில் திரும்ப ஓடியபோது, முதல்முறை தவறவிட்ட மாணவர்கள் அதைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் மற்றவர்களையும் பார்க்கச் சொன்னார்கள். வீடியோ கருவி வீடுகளுக்கு வராத காலம் அது. தொலைக்காட்சிக்கு முன்னால் ஒலிநாடாக் கருவியை வைத்து வசனத்தையும் இசையையும் மட்டும் பதிவுசெய்து, பின்னர் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் உண்டு. ரசிகர் மன்றங்கள் தோன்றின. 1977 ஆகஸ்டில் தொடரின் காட்சிகளைத் தொகுத்துத் திரைப்படமாக வெளியிட்டபோது திரையரங்குகளின் முன்னால் முந்தைய இரவே இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். மறு ஆண்டு ‘அனிமேஜ்’ என்ற மாத இதழ் பிறந்தது. அனிமே சிறுபிள்ளைகளுக்கு மட்டுமானது என்ற எண்ணம் உடையத் தொடங்கியது இந்த இடத்தில்தான். ஒரு தோல்வியிலிருந்து அது நடந்தது என்பதை மறக்கக் கூடாது.

யோஷியுகி டோமினோ இயக்கிய ‘மொபைல் சூட் குண்டாம்’ ஏறக்குறைய இதே வழியில் சென்றது. 1979 ஏப்ரலில் தொடங்கிய அது, பார்வையாளர் குறைவாலும் பொம்மை விற்பனை மந்தத்தாலும் 52 அத்தியாயங்களுக்குப் பதில் 43இல் நின்றது. 1980 ஜூலையில் பண்டாய் வெளியிட்ட, 300 யென் விலையுள்ள பிளாஸ்டிக் மாதிரிகளும் மறுஒளிபரப்புகளும் அதை மீண்டும் எழுப்பின. 1981இல் திரைப்படங்கள் வரத் தொடங்கின.

1975இல் பீட்டாமேக்ஸும் 1976இல் விஎச்எஸ்ஸும் வந்தன. எண்பதுகளில் அவை வீடுகளில் பரவியதும், ஒளிபரப்பு நேரத்துக்குக் காத்திருக்கும் கட்டாயம் தளர்ந்தது. மூத்தவர் பதிவுசெய்த நாடாவை இளையவர் பார்க்கலாம். ஊரில் இருக்கும் உறவினருக்கும் அனுப்பலாம். 1983 டிசம்பரில் வந்த ‘டல்லோஸ்’ தொலைக்காட்சிக்கே போகாமல் நேராக நாடாவில் விற்பனைக்கு வந்த முதல் அனிமே.

1995 அக்டோபரில் ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’ டிவி டோக்கியோவில் மாலை 6.30க்கு ஓடியது. 1997இல் நள்ளிரவுக்குப் பின் அதை மறுஒளிபரப்பியபோதும் பார்க்க ஆளிருந்தது. வயது வந்தோருக்கான தொடர்கள் பின்னிரவுக்கு நகர்ந்ததில் அந்த அனுபவத்துக்குப் பங்கு உண்டு. அங்கே விளம்பரதாரரை நம்புவதைவிட, பின்னர் விற்கும் வட்டுகளை நம்பியே தயாரிப்புக் குழுக்கள் முதலிட்டன. அந்த நேரத்தில் தற்செயலாகப் பெட்டியின் முன் உட்காருபவர் குறைவு. ஆகவே ‘இதைப் பார்’ என்று வீட்டில் ஒருவர் சொல்லும் சொல்லுக்கு முன்பைவிட மதிப்புக் கூடியது.

முதல் ஒளிபரப்பில் தோற்ற யமாட்டோவும் மறக்கப்படவில்லை. அதை இளமையில் பார்த்து வளர்ந்த யுடாகா இசுபுச்சி அதன் மறு ஆக்கத்தை ‘யமாட்டோ 2199’ என்ற பெயரில் இயக்கினார். 2012இல் முதலில் திரையரங்குகளிலும், 2013 ஏப்ரல் முதல் ஞாயிறு மாலை 5 மணிக்குத் தொலைக்காட்சியிலும் அது வந்தது.