பீரங்கிக் குண்டு அளந்த ஊர்

கெடிலம் ஆறு கடலில் கலக்கும் இடத்தை அடுத்த தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை, 1690ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. விற்றவர்கள் செஞ்சியில் இருந்துகொண்டு ஆண்ட மராட்டியர்கள். அவர்களின் அரசர் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம். கம்பெனியின் சார்பில் பேரம் முடித்தவர் சென்னை ஆளுநர் எலிஹூ யேல். கோட்டையோடு சேரும் நிலத்துக்கு எல்லை குறித்த முறை வியப்புக்குரியது. சங்கிலி பிடித்து அளக்கவில்லை, எல்லைக்கல் நடவில்லை. கோட்டையிலிருந்து நாற்புறமும் பீரங்கி சுட்டார்கள். குண்டு விழுந்த தொலைவு வரை கம்பெனிக்கு என்று ஏற்பாடு. வலிமை மிக்க பீரங்கியைத் தேர்ந்தெடுப்பதில் கம்பெனியார் கவனமாக இருந்தனர். அவ்வெல்லைக்குள் கடலூர்ப் பழைய நகரமும் சுற்றுக் கிராமங்களும் அடங்கின. அவற்றைக் 'குண்டு கிராமங்கள்' என்றே மக்கள் அழைத்தனர். குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயரும் அந்நாளின் எச்சமே என்பர். உழுதவர்களைக் கேளாமலேயே அவர்களின் நிலம் கைமாறியது என்பதையும் இங்கே மறக்கலாகாது.

புனித டேவிட் கோட்டை என்று பெயர் பெற்ற இவ்விடத்துக்கும் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரிக்கும் இடையே இருபது கிலோமீட்டர் அளவே தொலைவு. பின்னர் நடந்த போர்களுக்கு இந்த நெருக்கம் ஒரு முக்கியக் காரணம். 1746 செப்டம்பரில் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானதும், கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடம் கடலூருக்கு மாறியது; 1752 வரை இங்கேயே நீடித்தது. சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி வந்த இளம் எழுத்தர் ராபர்ட் கிளைவ், எழுதுகோலை விட்டுப் படையில் சேர்ந்தது இங்கேதான். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே பலமுறை முயன்றும் கோட்டை விழவில்லை. 1756இல் கிளைவே இதன் ஆளுநராக வந்தார். ஆனால் 1758 ஜூன் 2 அன்று கோட்டை பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் பணிந்தது. அவர் அதை இடித்துத் தள்ளினார். 1760இல் கடலூர் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

அடுத்த பெரும் மோதல் தெற்கே நடந்தது. 1781 ஜூன் மாதம் மைசூர் ஆட்சியாளர் ஐதர் அலியின் வீரர்கள் சிதம்பரம் கோயிலின் உயர்ந்த மதில்களையே அரணாகக் கொண்டிருந்தனர். ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட் அதைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். வழிபாட்டுக்கென எழுந்த கற்சுவர் பீரங்கிக்கு இலக்கானது அந்த நூற்றாண்டின் பெருந்துயரங்களில் ஒன்று. ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் நடந்த போரில் கூட் வென்றார். ஆயினும் 1782 ஏப்ரலில் பிரெஞ்சுப் படை, மைசூர்ப் படையின் துணையோடு கடலூரைப் பிடித்தது.

1783 ஜூனில் ஆங்கிலேய ஜெனரல் ஸ்டூவர்ட் கடலூரை முற்றுகையிட்டார். நகருக்குள் இருந்தவர் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. ஜூன் 13 அன்று நடந்த சண்டையில் இரு தரப்பிலும் பேரிழப்பு. ஜூன் 20 அன்று கடலில் சுஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஹியூஸின் ஆங்கிலேயக் கப்பற்படையும் மோதின. இங்கிலாந்தும் பிரான்சும் அவ்வாண்டு ஜனவரி 20 அன்றே சமாதானத்துக்கான முதல் உடன்பாட்டில் கையெழுத்திட்டிருந்தன. ஐந்து மாதம் கடந்து, ஜூன் மாதக் கடைசியில்தான் கப்பல் வழியே அச்செய்தி கடலூரை எட்டியது. போர் நின்றது. 1785இல் உடன்படிக்கையின்படி நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பியது.