சத்தம் மட்டும் வரலை, மாமா

போன மாதம் அக்கா பையன் ஃபோன் பண்ணினான். அன்ரியல் டோர்னமென்ட் 2004 என்ற பழைய கேமைத் தன் லினக்ஸ் மெஷினில் போட்டிருக்கிறான். "படம் வருது, மவுஸ் வேலை செய்யுது. சத்தம் மட்டும் வரலை, மாமா."

சரிசெய்ய பத்து நிமிஷம்தான் ஆச்சு. ஆனால் அந்தப் பத்து நிமிஷ வேலை சாத்தியமானதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கு. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் டாஸ் காலம். டாஸில் ஒலிக்கென்று பொதுவான வசதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு கேமும் ஒவ்வொரு சவுண்ட் கார்டோடும் தானே பேசணும். கார்டின் முகவரி 220, ஐஆர்க்யூ 5 அல்லது 7, டிஎம்ஏ 1 என்று நாம்தான் சொல்லிக் கொடுக்கணும். எங்கள் ஹாஸ்டலில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் 7 என்று கொடுத்து ஒரு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டினோம். பிரிண்டர் போர்ட்டுக்கும் வழக்கமாக அதே 7தான் என்பது விடிந்த பிறகுதான் தெரிந்தது!

இத்தனை கார்டுகளுக்கும் நிரல் எழுதுவது பெரும்பாடு. அதனால் பல கேம் கம்பெனிகள் ஒலிக்கான லைப்ரரியை வெளியே காசு கொடுத்து வாங்கின. 1993 டிசம்பரில் வந்த டூம் கேமும் அப்படித்தான். அதில் இருந்தது பால் ராடெக் எழுதிய டிஎம்எக்ஸ் லைப்ரரி.

நான்கு வருஷம் கழித்து, 1997 டிசம்பரில், ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் டூமின் மூல நிரலை வெளியிட்டது. ஆனால் உலகமே விளையாடிய டாஸ் பதிப்பின் நிரல் வரவில்லை, லினக்ஸ் பதிப்பின் நிரல்தான் வந்தது. காரணம், டிஎம்எக்ஸ் அடுத்தவர் சொத்து. அதை வெளியிட ஐடிக்கு உரிமை இல்லை. லினக்ஸ் பதிப்பில் ஒலியைத் தனி நிரல் ஒன்று கவனித்துக்கொண்டதால் அந்தச் சிக்கல் இல்லை. அடுத்தவரின் ஒலி நிரலை வாங்கிப் போட்டது தப்பு என்று ஜான் கார்மாக், கூடவே வந்த குறிப்பில் வெளிப்படையாக ஒத்துக்கொண்டார். சொந்த வீட்டை விற்க முடியும், குடியிருப்பவரின் கட்டிலை விற்க முடியாதே!

அந்த நிரலை வெளியீட்டுக்காகச் சீர்படுத்தித் தந்தவர் பெர்ன்ட் க்ரைமையர். இவர் பிறகு போய்ச் சேர்ந்த இடம் லோக்கி சாஃப்ட்வேர். விண்டோஸ் கேம்களை லினக்ஸுக்குக் கொண்டுவருவதற்காகவே 1998இல் அமெரிக்காவில் ஸ்காட் டிரேக்கர் தொடங்கிய சின்ன கம்பெனி அது. அங்கேயும் தலைவலி ஒலிதான். படத்துக்கு ஓப்பன்ஜிஎல் என்ற பொது இடைமுகம் இருந்தது, ஒலிக்கு அப்படி ஒன்று இல்லை. எனவே 2000 வாக்கில், க்ரியேட்டிவ் நிறுவனமும் கைகோக்க, ஓப்பன்ஏஎல் உருவானது. கேட்பவர் எங்கே நிற்கிறார், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேம் சொன்னால் போதும், மிச்சத்தை லைப்ரரி பார்த்துக்கொள்ளும். லோக்கி இதை எல்ஜிபிஎல் உரிமத்தில் கொடுத்தது. கேம் மூடிய மென்பொருளாக இருந்தாலும் அதில் உள்ள லைப்ரரியை மாற்றிப்போடும் உரிமை பயனருக்கு உண்டு என்பதுதான் அந்த உரிமத்தின் சாரம்.

லோக்கி நிலைக்கவில்லை. 2001 ஆகஸ்டில் திவால் மனு, 2002 ஜனவரியில் கதவடைப்பு. பின்னாளில் க்ரியேட்டிவின் ஓப்பன்ஏஎல் பதிப்பும் மூடிய மென்பொருளாகிவிட்டது. கதை அங்கேயே முடிந்திருக்கணும். ஆனால் 2007இல் கிறிஸ் ராபின்சன், முன்பு திறந்திருந்த நிரலிலிருந்து கிளை பிரித்து ஓப்பன்ஏஎல் சாஃப்ட் என்று தொடங்கினார். இன்று லினக்ஸில் ஓப்பன்ஏஎல் என்றால் அநேகமாக அதுதான்.

இப்போ பையன் பிரச்சினைக்கு வருவோம். அந்த கேமை லினக்ஸுக்குக் கொண்டுவந்த ரையன் கார்டனும் லோக்கியில் இருந்தவரே. கேமின் சிஸ்டம் ஃபோல்டரில் ஓப்பன்ஏஎல் தனிக் கோப்பாக இருக்கிறது. ஆனால் அது 2004 காலத்துச் சரக்கு. ஓஎஸ்எஸ் என்ற பழைய வழியில்தான் ஒலியை அனுப்பப் பார்க்கிறது. இன்றைய டிஸ்ட்ரோக்கள் பெரும்பாலானவற்றில் அந்த வழியே கிடையாது. யாரும் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி.

செய்தது இவ்வளவுதான். கேம் 32 பிட், அவன் மெஷின் 64 பிட். எனவே பேக்கேஜ் மேனேஜரில் 32 பிட் பேக்கேஜ்களை அனுமதித்து, ஓப்பன்ஏஎல் சாஃப்ட்டின் 32 பிட் பதிப்பை நிறுவச் சொன்னேன். 64 பிட் பதிப்பு ஏற்கெனவே இருந்தாலும் இந்த கேமுக்கு அது உதவாது. நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இது. பிறகு பழைய கோப்பின் பெயரை மாற்றி வைத்துவிட்டு, அதே பெயரில் புதிய லைப்ரரிக்கு ஒரு சிம்லிங்க். கேமுக்கு வித்தியாசமே தெரியாது. கேட்கிற ஃபங்ஷன்கள் எல்லாம் அதே பெயரில் அங்கே இருக்கின்றன.

லைப்ரரி நிறுவ உதவுவதை எடுபிடி வேலையாகத்தான் பல வருஷம் நினைத்திருந்தேன். இப்போ அப்படித் தோன்றவில்லை. இந்த கேமின் மூல நிரல் நம்மிடம் இல்லை, அதை நாம் திருத்த முடியாது. ஆனாலும் அது இன்று வாய் திறக்கிறது என்றால், யாரோ அந்த ஒரு பாகத்தை மட்டும் கழற்றி மாட்டும்படி விட்டுவைத்ததால்தான்.

பத்தாவது நிமிஷம் ஃபோனில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. பின்னாலேயே அக்காவின் குரல்: "அந்தச் சத்தத்தைக் குறைடா!"