சோடா புட்டிக்குள் போன வெந்நீர்

புக்கிட் செந்தோசாக்காரர்களுக்குச் சுடுநீர் ஊற்று தூரத்து அதிசயம் இல்லை. கோல குபு பாருவைத் தாண்டினால் கெர்லிங்கில் ஒன்று; பத்தாங் காலிப் பக்கம் உலு தாமுவில் இன்னொன்று. மூட்டுவலிக்காரர்கள் விடியலிலேயே வந்து காலை நனைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இங்கே எரிமலை கிடையாது. மழைநீர் தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தில் சூடேறி மேலே வருகிறது. தீபகற்பத்தில் ஏறக்குறைய 60 ஊற்றுகள் உண்டு. பெரும்பாலானவை இந்தக் கருங்கல்லை ஒட்டியவையே.

வெள்ளைக்காரர்களுக்கும் இந்த ஊற்றுகள் தெரிந்தே இருந்தன. இயற்கை ஆய்வாளர் வாலஸ் 1854இல் மலாக்காவின் ஆயர் பானாஸில் அரசாங்க பங்களாவில் தங்கித்தான் வண்டும் பட்டாம்பூச்சியும் பிடித்தார்.

ஆனால் வெந்நீரில் காசு பார்த்த கதை சிங்கப்பூரின் செம்பவாங்கில் நடந்தது. 1900களின் கடைசியில், சீன வணிகர் சியா எங் கியோங்கின் நிலத்தில் ஊற்று இருப்பது தெரியவந்தது. அவர் குளியல் தொட்டி கட்டவில்லை. தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்றார். சுடுநீரை ஆறவைத்து, தாகத்துக்குக் குடி என்று விற்பதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்! 1920களில் தொழில் சோடா நிறுவனமான ஃபிரேசர் அண்ட் நீவ் கைக்குப் போனது. பக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் எழுந்தது. தமிழரும் மலையாளிகளும் அங்கே பெருமளவில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

போர்க்காலத்தில் வந்த ஜப்பானியர்களுக்கு இந்தத் தண்ணீரை என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குளியல் மனை கட்டிவிட்டார்கள். 1944 நவம்பரில் நேசநாட்டு விமானங்கள் வீசிய குண்டு ஊற்றின் ஓட்டத்தையே குலைத்தது.

ஊற்றைச் சுற்றி இருந்த கம்பத்துக்கும் ஆயர் பானாஸ், அதாவது வெந்நீர், என்றுதான் பெயர். 1980களில் விமானப்படைத் தளத்துக்காக அரசு நிலத்தை எடுத்ததும் ஊற்று வேலிக்குள் சிக்கியது. மக்கள் விடவில்லை, கேட்டுக் கேட்டு 2002இல் வழி திறக்கவைத்தார்கள். அதற்குப் பிறகு பல வருடங்கள் குழாய், பிளாஸ்டிக் வாளி, மடக்கு நாற்காலி, அவ்வளவுதான் வசதி.

2020 ஜனவரியில் அது முறையான பூங்காவானது. 70 டிகிரியில் வரும் நீர் படிப்படியாக இறங்கி, கடைசித் தொட்டியில் கால் தாங்கும் 40 டிகிரிக்கு ஆறுகிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. முட்டையோடு வருகிறவர்கள் அவித்துச் சாப்பிடவும் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.