நிரல்மொழிகள்: வமிசமும் வகையும் இயக்கமும்

கணிப்பொறியை ஏவும்பொருட்டு மனிதர் வகுத்துக்கொண்ட செயற்கைப் பாஷைகளாகிய நிரல்மொழிகளை, அவை பிறந்த வமிசத்தாலும், தரவுகளின் வகையைச் சோதிக்கும் முறையாலும், யந்திரத்தில் இயங்கும் விதத்தாலும் பாகுபடுத்துவது வழக்கம். இம்மூன்றும் தனித்தனி அளவுகோல்கள் என்பதை மறந்து ஒன்றைக்கொண்டு மற்றொன்றை அனுமானிப்பதே இத்துறையில் மலிந்துள்ள குழப்பங்களுக்குப் பெரும்பாலும் காரணம்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் உருவாகி 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரானும், மறு ஆண்டு ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப்பும், ஐரோப்பிய அமெரிக்க அறிஞர் கூடி வகுத்த அல்கால் 60உம் மூல புருஷர்கள் எனலாம். அல்காலின் வழியில் பாஸ்கலும் சி மொழியும் தோன்றின. தர்க்கத்தையே நிரலாக்கும் புரோலாக் 1972இல் பிரான்சில் தனிக்கிளையாக முளைத்தது. எனினும் தூய வமிசம் என்பது இங்கே அரிது: ஜாவா தன் வாக்கிய அமைப்பைச் சி மொழியிடமும், பொருள்நோக்கு முறையை நார்வே நாட்டுச் சிமுலாவிடமும், பயனற்ற நினைவகத்தைத் தானே மீட்கும் உபாயத்தை லிஸ்ப்பிடமும் பெற்றது.

தரவின் வகையை நிரல் ஓடுமுன்பே சோதிப்பது நிலைவகை முறை. ஓடும்போது சோதிப்பது இயங்குவகை முறை. கண்டிப்பு என்பது இதனின் வேறான குணம். சி நிலைவகை மொழியாயினும் ஒருவகையை மற்றொன்றாகக் கொள்ளத் தாராளமாக இடங்கொடுக்கும். பைத்தானோ இயங்குவகை மொழியாயினும் எழுத்துச் சரத்தோடு எண்ணைக் கூட்டச் சம்மதியாது. அதே கூட்டலை ஜாவாஸ்கிரிப்ட் ஆட்சேபமின்றி ஏற்று இரண்டையும் ஒட்டித் தரும். நிலைவகை மொழியில் ஒவ்வொன்றுக்கும் வகை எழுதியே தீரவேண்டும் என்பதும் உண்மையன்று. எடின்பரோவில் ராபின் மில்னர் குழுவினர் அமைத்த எம்.எல். மொழியின் கம்பைலர் அதனைத் தானே ஊகித்தறியும்.

நிரல் முழுவதையும் முன்கூட்டியே யந்திர மொழிக்கு மாற்றுவது கம்பைலர். படித்தவாறே நிறைவேற்றிச் செல்வது இன்டர்பிரிட்டர். மெக்கார்த்தி கோட்பாட்டு விளக்கமாக மட்டும் எழுதிய ஒரு சூத்திரத்தை ஸ்டீவ் ரஸ்ஸல் ஐ.பி.எம். 704இல் ஓடுமாறு செய்தபோது, ஆக்கியோனே எதிர்பாராத வண்ணம் லிஸ்ப்புக்கு இன்டர்பிரிட்டர் வாய்த்தது. 1962இல் அதே மொழிக்கு லிஸ்ப்பிலேயே எழுதப்பட்ட கம்பைலரும் வந்தது. ஆதலின் இவ்வேறுபாடு மொழியின் சுபாவமன்று, அதனை இயக்கும் கருவியின் லட்சணமே. இடைநிலைச் சங்கேதமாக மாற்றி, பின் அதனைப் படித்து நிறைவேற்றும் பைத்தானும், அச்சங்கேதத்தை ஓட்டத்தினிடையே யந்திர மொழியாக்கும் ஜாவாவும் இவ்விரு சொற்களுள் ஒன்றில் அடங்குவனவல்ல. இன்டர்பிரிட்டர் மொழியென்று பலர் கருதும் ஜாவாஸ்கிரிப்டுக்காகக் கூகுள் 2008இல் வெளியிட்ட வி8 யந்திரத்தில் முதலில் இருந்தது கம்பைலர் மட்டுமே. நினைவகச் சிக்கனம் கருதி இன்டர்பிரிட்டர் அதில் பின்னரே சேர்க்கப்பட்டது.