ஜினகாஞ்சி: பாடப்புத்தகம் பாதியில் விட்ட கதை

காஞ்சிபுரம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பட்டுச்சேலையும் கோபுரங்களும்தான். ஏகாம்பரநாதர் கோயில் இருக்கும் பெரிய காஞ்சிபுரம் சிவகாஞ்சி. வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கும் சின்ன காஞ்சிபுரம் விஷ்ணுகாஞ்சி. இன்னொரு காஞ்சியும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அதுதான் ஜினகாஞ்சி! இன்றைய பெயர் திருப்பருத்திக்குன்றம். பட்டுக்கடைத் தெருக்களிலிருந்து சில கிலோமீட்டர் தென்மேற்கே, வேகவதி ஆற்றங்கரையில் இருக்கும் சின்னஞ்சிறு ஊர்.

பல்லவர் வரலாற்றில் நாம் எல்லோரும் படித்த ஒரு கதை உண்டு. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் முதலில் சமணன். பிறகு அப்பரால் சைவத்துக்கு மாறினான். அதோடு காஞ்சியில் சமணத்தின் கதை முடிந்தது என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. முடிந்ததா என்ன? இந்தச் சிற்றூரில் இருக்கும் இரண்டு கோயில்கள் வேறு கணக்குச் சொல்கின்றன.

மகேந்திரனுக்கு முன்

மகேந்திரனின் தாத்தா சிம்மவர்மன். 6ஆம் நூற்றாண்டு. பருத்திக்குன்றில் வர்த்தமானர் (மகாவீரர்) கோயில் வழிபாட்டுக்காக, வஜ்ரநந்தி என்ற சமண முனிவருக்கு அவன் ஒரு கிராமத்தையே கொடுத்தான். இதைச் சொல்வது பள்ளன்கோயில் செப்பேடு. வேடிக்கை என்னவென்றால், செப்பேடு கிடைத்தது காஞ்சியில் அல்ல. வெகுதூரம் தெற்கே, திருத்துறைப்பூண்டிப் பக்கம்! (எழுத்தமைதியை வைத்து, இது பழைய ஆவணத்தின் பிற்காலப் படி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.)

சமணப் பள்ளிகளுக்குக் கொடுக்கப்பட்ட இப்படிப்பட்ட வரியில்லா நிலத்துக்குப் 'பள்ளிச்சந்தம்' என்று பெயர். நிலத்தின் விளைச்சலில் கோயில் பூசை நடக்கும். அரசன் மனம் மாறினாலும் நிலம் விளைந்துகொண்டுதான் இருக்கும் அல்லவா? இந்த ஊர் தாக்குப்பிடித்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

மகேந்திரனுக்குப் பின்

இங்கே இருக்கும் சிறிய கோயில் சந்திரபிரபருக்கு உரியது. இவர் 8ஆம் தீர்த்தங்கரர். கைலாசநாதர் கோயிலைப் போலவே மணற்கல், அதே போன்ற சிங்கத் தூண்கள். கீழ்த்தளம் அடைக்கப்பட்டிருக்கிறது, படியேறிப் போனால் மேல்தளத்தில் கருவறை. இது மகேந்திரனுக்குப் பிற்பட்ட பல்லவர் காலக் கட்டடம். அதாவது, அரசன் மதம் மாறிய பிறகும் இங்கே புதிய சமணக் கோயில் எழுந்திருக்கிறது!

பெரிய கோயில் திரைலோக்கியநாதர் கோயில். மூலவர் வர்த்தமானர். இங்கே முதலாம் குலோத்துங்கன், விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. சைவர்களான சோழர்கள் காலத்திலும் கொடைகள் நிற்கவில்லை.

அடுத்து விஜயநகரம். அந்த அரசின் தளபதியும் அமைச்சருமான இருகப்பர் ஒரு சமணர். 1382இல் இந்தக் கோயிலுக்கு மகேந்திரமங்கலம் என்ற கிராமத்தைக் கொடுத்தார். 1387-88இல் தன் குரு புஷ்பசேனர் சொல்லியபடி சங்கீத மண்டபத்தைக் கட்டினார். ஹம்பியில் இருக்கும் கானகித்தி சமணக் கோயிலைக் கட்டியவரும் இவர்தான்.

கூரையில் ஒரு படக்கதை

சங்கீத மண்டபத்துக்குள் போனால் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். ரிஷபர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வாழ்க்கை வரிசை வரிசையாக வண்ணத்தில் ஓடுகிறது. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம். இன்றைய காமிக்ஸ் மாதிரியே! கண்ணனும் இருக்கிறான். சமண மரபில் அவன் நேமிநாதரின் உறவினன் ஆயிற்றே. இப்போது தெரியும் ஓவியங்களில் பெரும்பாலானவை விஜயநகர காலத்துக்குப் பின் தீட்டப்பட்டவை என்று கருதப்படுகிறது.

1934இல் டி.என். ராமச்சந்திரன் இந்தக் கோயில்களைப் பற்றி விரிவாக எழுதிய நூலை சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டது. ஓவியங்களும் கல்வெட்டுகளும் அதில் பதிவாயின. அது நல்லதாயிற்று. ஏனென்றால் கல் தாங்கும், செம்பு தாங்கும். சுண்ணச் சாந்தின் மேல் பூசிய வண்ணம் ஈரத்தையும் புகையையும் தாங்காது. மண்டபத்தில் பல இடங்களில் ஓவியம் உதிர்ந்திருக்கிறது. உதிர்ந்ததைத் திரும்ப வரைந்தால் அது இன்றைய ஓவியம் ஆகிவிடும். இருப்பதைக் காப்பாற்றுவது ஒன்றுதான் வழி.

இன்று

கோயில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வழிபாடும் தொடர்கிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட சமணர்கள் (நயினார்கள்) வந்தவாசி, திண்டிவனம் வட்டாரங்களில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களில் பலர் விவசாயிகள். மேல்சித்தாமூரில் உள்ள அவர்களுடைய மடத்தின் பெயரே ஜினகாஞ்சி மடம்தான்!

சமணம் என்றாலே வடநாட்டு வியாபாரிகள் என்றும், தமிழ்நாட்டில் அது என்றோ அழிந்துபோனது என்றும் நினைப்பவர்கள் நம்மிடையே அதிகம். திருப்பருத்திக்குன்றத்தில் 6ஆம் நூற்றாண்டு முதல் இன்று வரை பல்லவர், சோழர், விஜயநகரம் என்று ஒரு தொடர்ச்சி கண்முன்னே நிற்கிறது.

அடுத்த முறை கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போனால் ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். ஆட்டோக்காரரிடம் திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயில் என்று சொல்லுங்கள். உள்ளே போனதும் முதலில் கூரையைப் பாருங்கள். ஓவியத்தை மட்டும் தொடாதீர்கள்.